எரிபொருள் தொட்டி மீதான மோதலைக் கணிக்க எல்எஸ்-டைனா எவ்வளவு உதவும்?

திரவம் நிரம்பிய எரிபொருள் தொட்டியை அதிவேகத் துண்டு ஒன்று தாக்கும்போது, அந்தத் துண்டின் அளவுக்குச் சுவரில் ஒரு துளை விழுவதோடு சேதம் நின்றுவிடுவதில்லை. உள்ளே நுழைந்த துண்டு தன் இயக்க ஆற்றலின் பெரும்பகுதியைத் திரவத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதைப் பெற்ற திரவம் எல்லாச் சுவர்களையும் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. துண்டு தொடாத பக்கங்கள்கூடப் பிதுங்கி, ரிவெட் வரிசைகளிலும் மூலைகளிலும் கிழிந்துபோகின்றன. விமானப் பொறியாளர்கள் ஹைட்ரோடைனமிக் ராம் என்று அழைக்கும் இந்த நிகழ்வை முன்கூட்டியே கணித்துப் பார்ப்பதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று எல்எஸ்-டைனா. கார் மோதல், உலோகத் தகடு வடிவமைப்பு, வெடிப்பு எனப் பல துறைகளில் அதற்குப் பெயர் உண்டு என்றாலும், இந்த மதிப்பீடு தொட்டி என்ற ஒரே வேலையை அது எப்படிச் செய்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. மற்ற துறைகளில் சிறந்து விளங்கும் ஒரு கருவி இந்த வேலையிலும் தானாகவே சிறந்து விளங்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இந்த வேலையில் தவறு நேர்ந்தால் விளைவு என்ன என்பதை இரண்டு விபத்துகள் காட்டுகின்றன. 1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டர் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் போயிங் 737 விமானம் ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தபோது இயந்திரம் உடைந்து, அதிலிருந்து பறந்த பகுதி இறக்கைத் தொட்டியின் ஆய்வு மூடியை உடைத்தது. வெளியேறிய எரிபொருள் தீப்பற்றி 55 பேர் இறந்தார்கள். அங்கே துண்டு நேரடியாகவே தொட்டியைத் திறந்துவிட்டது. 2000 ஜூலை 25 அன்று பாரிஸின் சார்லஸ் டி கோல் நிலையத்திலிருந்து கிளம்பிய கான்கார்ட் விமானத்தில் நடந்தது வேறு. ஓடுபாதையில் கிடந்த உலோகப் பட்டையால் டயர் கிழிந்து, சுமார் 4.5 கிலோ எடையுள்ள டயர்த் துண்டு இறக்கையின் அடிப்புறத்தில் மோதியது. கிட்டத்தட்ட முழுவதும் நிரம்பியிருந்த ஐந்தாம் எண் தொட்டியின் அடித்தகட்டிலிருந்து ஒரு பெரிய பகுதி உள்ளிருந்து வெளிநோக்கிக் கிழிந்து ஓடுபாதையில் விழுந்தது. மோதலால் சுவர் வளைந்ததும், அதனால் இடம்பெயர்ந்த எரிபொருள் சுவரை மறுபடியும் தள்ளியதும் சேர்ந்தே தகட்டைக் கிழித்தன என்று விசாரணை விளக்கியது. மொத்தம் 113 பேர் இறந்தார்கள். அந்தத் துண்டின் வேகம் துப்பாக்கிக் குண்டின் வேகத்துக்கு அருகில்கூட வராது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு அந்த விமானங்களின் தொட்டிகளுக்குள் கெவ்லர் என்ற உறுதியான இழையாலான விரிப்பு பொருத்தப்பட்டு, 2001 நவம்பரில் சேவை மீண்டும் தொடங்கியது.

ஆகவே இத்தகைய மென்பொருளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. துண்டு சுவரைத் துளைக்குமா என்பது ஒன்று. துளைத்தாலும் துளைக்காவிட்டாலும் திரவம் சுவரை என்ன செய்யும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பல கருவிகள் நல்ல விடை தருகின்றன. ஒரு கருவியின் தரம் தெரிவது இரண்டாவது கேள்வியில்தான்.

எல்எஸ்-டைனாவின் வேர் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே ஜான் ஹால்குவிஸ்ட் 1976-இல் வெளியிட்ட டைனா3டி என்ற நிரல்தான் அதன் முன்னோடி. கடுமையான மோதல்களைத் தாங்க வேண்டிய ஆயுத அமைப்புகளுக்காக எழுதப்பட்ட நிரல் என்பதால், மிகக் குறுகிய நேரத்தில் நடக்கும் பெரும் உருமாற்றங்களைக் கையாளும் இயல்பு தொடக்கத்திலிருந்தே அதற்குள் இருந்தது. பின்னர் ஹால்குவிஸ்ட் தனி நிறுவனம் தொடங்கி அதை வணிக மென்பொருளாக வளர்த்தார். 2019-இல் ஆன்சிஸ் நிறுவனம் அதை வாங்கியது. இந்தப் பின்னணியின் விளைவு ஒன்றை இன்றும் உணர முடிகிறது. திண்மப் பொருள்களின் உருமாற்றம், தொடுகை, உடைதல் ஆகியவை இதன் பலமான பகுதிகள். திரவம் பின்னர் வந்து சேர்ந்த விருந்தாளி.

கருவியை மதிப்பிடுவதற்கு முன், அது காட்ட வேண்டிய நிகழ்வின் அளவுகளை ஒரு தாளில் கணக்கிட்டுக்கொள்வது அவசியம். 12.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுக் குண்டை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறக்குறைய 8 கிராம். விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 3,250 ஜூல். அது 150 மில்லிமீட்டர் அகலமுள்ள, நீர் நிரம்பிய பெட்டி ஒன்றைக் கடக்கிறது என்று கொள்வோம். திரவம் காட்டும் எதிர்ப்பைக் குறிக்கும் இழுவிசைக் கெழு 0.3 என்று எடுத்துக்கொண்டு, சுவர்களில் இழக்கும் ஆற்றலை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், மறுபக்கச் சுவரை அடையும்போது குண்டின் வேகம் விநாடிக்கு 640 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், ஏறத்தாழ பாதி ஆற்றல் அந்த 150 மில்லிமீட்டர் நீரிலேயே தங்கிவிடுகிறது. அதே பெட்டியில் நீருக்குப் பதிலாக நீரைப் போல் சுமார் 0.8 மடங்கு அடர்த்தியுள்ள மண்ணெண்ணெய் வகை எரிபொருள் இருந்தால், தங்கும் பங்கு நூற்றுக்கு 42 அளவில் இருக்கும். எந்த மென்பொருளும் காட்டும் வேகக் குறைவு இந்தக் கணக்குக்கு வெகுதொலைவில் இருந்தால், மேற்கொண்டு எதையும் பார்க்காமல் மாதிரியைத் திருத்தத் தொடங்க வேண்டும்.

ஆற்றல் திரவத்துக்குப் போய்ச் சேரும் நிகழ்வு நான்கு கட்டங்களாக விரிகிறது. குண்டு சுவரைத் துளைத்துத் திரவத்தைத் தொடும் கணத்தில் அதிர்ச்சி அலை ஒன்று அரைக்கோள வடிவில் கிளம்புகிறது. எஃகும் நீரும் நேருக்கு நேர் மோதும் எளிய ஒருபரிமாணக் கணக்கில், இந்த வேகத்தில் தொடுமிடத்து அழுத்தம் 2 கிகாபாஸ்கலைத் தாண்டும். ஆனால் அலை விரிய விரிய அது மிக விரைவாகத் தணிந்துவிடும். அடுத்து, குண்டு திரவத்தைத் தள்ளிக்கொண்டே செல்லும் இழுவிசைக் கட்டம். இங்கே குண்டின் முன்னே நீண்ட நேரம் நீடிக்கும் அழுத்தப் புலம் உருவாகிறது. மூன்றாவதாக, குண்டின் பாதையில் வெற்றிடம் போன்ற ஒரு குழிவு விரிந்து, சுற்றியுள்ள திரவத்தைச் சுவர்களை நோக்கித் தள்ளி, பிறகு சுருங்குகிறது. கடைசியாக, ஏற்கெனவே அழுத்தத்தால் விறைத்திருக்கும் மறுபக்கச் சுவரைக் குண்டு துளைத்து வெளியேறுகிறது. முன்கூட்டியே இழுபட்ட தகடு, சும்மா இருக்கும் தகட்டைவிட எளிதில் கிழியும் என்பதால், வெளியேறும் துளை பெரும்பாலும் நுழையும் துளையைவிடப் பெரிதாகவும் ஒழுங்கற்றும் இருக்கிறது.

இந்தக் கட்டங்களின் கால அளவுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதுதான் கணினி மாதிரியின் தலையாய சிக்கல். நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் வேகத்தில் செல்வதால், முதல் அலை பெட்டியைக் கடக்க 0.1 மில்லிவிநாடியே ஆகும். குண்டு கடப்பதற்கு அதைப் போல் இரு மடங்கு. ஆனால் 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழிவு ஒன்று வளிமண்டல அழுத்தத்தில் சுருங்கி மூட, ராலேயின் பழைய சூத்திரப்படி, சுமார் 4.6 மில்லிவிநாடி எடுக்கும். அதாவது அலையைத் துல்லியமாகப் பிடிக்க திரவத்தையும் சுவரையும் சிறு கூறுகளாகப் பிரிக்கும் மிக நுண்ணிய வலை வேண்டும். சுவரின் இறுதி உருமாற்றத்தைப் பிடிக்க நூறு மடங்கு வரை நீண்ட ஓட்டம் வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரியில் கேட்பவர் கணினி நேரத்தைத் தாராளமாகச் செலவிட ஆயத்தமாக இருக்க வேண்டும்.

வலையின் அளவை எண்களில் பார்ப்போம். 150-க்கு 150-க்கு 750 மில்லிமீட்டர் பெட்டியில் 3 மில்லிமீட்டர் வலைக் கட்டங்கள் (வலையின் சிறு கூறுகள்) இட்டால் நீருக்கு மட்டும் 6,25,000 கட்டங்கள் வரும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகி 50 லட்சத்தைத் தொடும்; கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் சிறு நேர இடைவெளியான காலப் படியும் பாதியாகிவிடுவதால் மொத்தக் கணக்குச் செலவு 16 மடங்காகும். குண்டு சரியாக நடுவே நேராகச் செல்கிறது என்றால் இரண்டு சமச்சீர்த் தளங்களைப் பயன்படுத்திக் கால்பகுதி மாதிரியோடு தப்பிக்கலாம். ஆனால் உண்மையான துண்டுகள் சாய்வாக வருகின்றன. நீண்ட குண்டுகள் திரவத்துக்குள் புரண்டு பக்கவாட்டில் திரும்பி, இழுவிசையைத் திடீரென்று பல மடங்கு உயர்த்துகின்றன. அந்த நிலைகளில் சமச்சீர் என்ற சலுகை கிடையாது. கோளக் குண்டில் நல்ல பொருத்தம் கிடைத்துவிட்டது என்பதற்காகப் புரளும் துண்டுக்கும் அதே நம்பிக்கையை நீட்டிக்க முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

திரவத்தை மாதிரியாக்க எல்எஸ்-டைனா பல வழிகளைத் தருகிறது. இந்த வேலைக்கு முக்கியமானவை இரண்டு. ஏஎல்இ என்ற முறையில், திரவம் ஒரு வலைக்குள் பாய்கிறது. நீர், காற்று போன்ற பல பொருள்கள் ஒரே கட்டத்தில் கலந்திருக்கலாம். சுவரும் குண்டும் தனி வலைகளாக அதற்குள் நகர்கின்றன. எஸ்பிஹெச் என்ற முறையில் வலையே கிடையாது. திரவம் துகள்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துகளும் அண்டைத் துகள்களோடு விசையைப் பரிமாறிக்கொள்கிறது. மென்பொருளில் அமுக்கமுறாத் திரவங்களுக்கென ஒரு தனிச் சால்வரும் (சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி) இருக்கிறது. தொட்டிக்குள் எரிபொருள் அலம்புவதைப் பார்க்க அது பொருந்தலாம். ஆனால் அமுக்கமுறாத திரவத்தில் அதிர்ச்சி அலையே கிடையாது என்பதால், அதிவேக மோதலுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது அடிப்படைப் பிழை.

என் தேர்வு, முழுமையாக நிரம்பிய தொட்டிக்கு, ஏஎல்இ. காரணம், குழிவு விரிவதையும் அதற்குள் நுழையும் துளை வழியே காற்று புகுவதையும் இந்த முறை இயல்பாகக் காட்டுகிறது. பின்னர் சேர்க்கப்பட்ட ஒழுங்கு வலை ஏஎல்இ வடிவம், வலையைத் தானே உருவாக்கிக்கொள்வதால் உள்ளீட்டுக் கோப்பைச் சுருக்கி, ஓட்டத்தையும் வேகப்படுத்தியிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் பழைய வடிவத்தைத் தொடவே தேவையில்லை. எஸ்பிஹெச் முறையின் அழகு அதன் எளிமை. கசிவுத் தொல்லை இல்லாமல், தொட்டி உடைந்து திரவம் வெளியே பீறிடும் காட்சியை அது நன்றாகக் காட்டும். ஆனால் திரவம் இழுத்து நீட்டப்படும் இடங்களில் துகள்கள் செயற்கையாகக் கொத்துக்கொத்தாகச் சேரும் குறை இந்த முறைக்கே உரியது. குழிவின் விளிம்பு துல்லியமாக வேண்டும் என்றால் துகள்களின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் ஏறும்.

ஏஎல்இ முறையில் வெற்றியும் தோல்வியும் முடிவாகும் இடம், திரவ வலையும் சுவர் வலையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்பு. இரண்டும் ஒரே கணுக்களை, அதாவது வலையின் முனைப் புள்ளிகளை, பகிர்வதில்லை. திரவம் சுவருக்குள் சிறிது ஊடுருவினால், அந்த ஊடுருவலுக்கேற்ற எதிர்விசையை மென்பொருள் கொடுக்கிறது. விசை குறைவாக இருந்தால் திரவம் சுவர் வழியே கசிந்துவிடும். அதிகமாக இருந்தால் சுவரில் பொய்யான அதிர்வுகள் எழும். சுவரின் கட்டங்கள் திரவக் கட்டங்களைவிடப் பெரிதாக இருக்கும்போது கசிவு மிகுதி. இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் வைப்பதும், முடியாத இடத்தில் இணைப்புப் புள்ளிகளைக் கூட்டுவதும் தேவைப்படுகிறது. மென்பொருள் இதற்குப் பல திருகுகளைத் தந்திருக்கிறது. எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதற்கு ஒரே விடை இல்லை. இதில் ஆபத்து என்னவென்றால், கசிவு நடந்தாலும் ஓட்டம் நின்றுவிடுவதில்லை. படம் அழகாகவே வரும். சுவரின் பிதுக்கம் மட்டும் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். பாதுகாப்புக் கணிப்பில் இந்தத் திசையில் ஏற்படும் பிழைதான் மிக மோசமானது. எனவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சுவருக்கு வெளியே தோன்றிய திரவத்தின் நிறையைச் சரிபார்ப்பதையும், மொத்த ஆற்றல் வரைவில் இணைப்பு ஆற்றல் எதிர்மறையாகச் சரிகிறதா என்று பார்ப்பதையும் கட்டாயப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அந்த வரைவுகளை இந்த மென்பொருள் விரிவாகப் பிரித்துத் தருகிறது. அதைப் பெரிய நிறையாகவே கருதுகிறேன்.

துளை விழுந்த பிறகு இணைப்பு இன்னும் கடினமாகிறது. சுவரின் கட்டங்கள் உடைந்து நீக்கப்படும்போது, அந்த இடத்தில் திரவத்தைத் தடுத்துக்கொண்டிருந்த விசையும் நீங்க வேண்டும். சுற்றியுள்ள விளிம்புகளில் அது தொடர வேண்டும். இதற்குரிய ஏற்பாட்டைத் தெரிந்தெடுக்க மறந்தால், கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று துளையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இப்போது அழுத்தத்துக்கு வருவோம். இந்த மென்பொருளை மதிப்பிடுபவர்களில் பலர் முதலில் பார்ப்பது, ஓர் அழுத்த அளவியின் இடத்தில் உச்ச அழுத்தம் சோதனையோடு பொருந்துகிறதா என்பதைத்தான். அந்த அளவுகோலை நான் ஏற்பதில்லை. அதிர்ச்சி அலையின் முகப்பு உண்மையில் மிகமிக மெல்லியது. மென்பொருள் அதைச் செயற்கைப் பாகுநிலை மூலம் சில கட்டங்களுக்குப் பரப்பித்தான் கையாள முடியும். ஆகவே கட்டத்தைச் சிறிதாக்கினால் உச்சம் ஏறும், பெரிதாக்கினால் இறங்கும். சோதனையில் பயன்படும் அளவிக்கும் ஒரு பரப்பளவும் ஒரு துலங்கல் நேரமும் இருக்கின்றன. அதுவும் உச்சத்தை ஓரளவு வெட்டிவிடுகிறது. இரண்டு பக்கமும் மங்கலாக இருக்கும் ஓர் எண்ணைப் பொருத்திக் காட்டுவது மாதிரியின் வலிமைக்குச் சான்று ஆகாது. அழுத்தத்தை நேரத்துக்கு எதிராக வரைந்த வரைவின் கீழுள்ள பரப்பாகக் கிடைக்கும் கணத்தாக்கும், சுவரில் நிலைத்துவிட்ட பிதுக்கத்தின் வடிவமும் அதைவிட நேர்மையான சாட்சிகள். ஏனென்றால் மெல்லிய சுவரைப் பெருமளவு நகர்த்துவது ஒரு கணத்து உச்சத்தைவிட, நீடித்துத் தள்ளும் இழுவிசைக் கட்டமும் குழிவுக் கட்டமும்தான். இந்த இரண்டு கட்டங்களையும் எல்எஸ்-டைனா மிக நன்றாகக் கையாளுகிறது என்பதே என் கணிப்பு. கருவியைப் பரிந்துரைப்பதற்கு எனக்கு இருக்கும் முதன்மைக் காரணமும் அதுவே.

திரவத்துக்கான பொருள் அமைப்பில் இரண்டு எண்கள் விளைவைப் பெரிதும் மாற்றுகின்றன. முதலாவது, திரவம் எவ்வளவு எதிர்மறை அழுத்தத்தைத் தாங்கும் என்ற வரம்பு. அதை அமைக்காமல் விட்டால் நீர் பசை போல் ஒட்டிக்கொண்டு சுவரை உள்ளே இழுக்கும். குழிவே சரியாகப் பிறக்காது. பூஜ்யத்துக்கு அருகில் ஒரு மதிப்பைக் கொடுப்பதே பொது வழக்கம். இரண்டாவது, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் கணக்கிடப்படும் வலைக் கட்டங்களில் எழும் பொய் உருமாற்றங்களை அடக்கும் கெழு. திண்மங்களுக்குப் பொருந்தும் அளவில் அது இருந்தால், திரவம் தேன் போல் கெட்டியாகிவிடும். திரவத்துக்கு அதைப் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பது இத்துறையில் உழைப்பவர்கள் அறிந்ததே. ஆனாலும் திண்மங்களுக்கான இயல்பு மதிப்பை அப்படியே விட்டுவிட்டு, திரவம் ஏன் நகரவில்லை என்று திகைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான சோதனைத் தரவு இருப்பது இந்தக் கருவியின் பயனர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. மாட்ரித் நகரின் மூன்றாம் கார்லோஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீர் நிரப்பிய அலுமினியச் சதுரக் குழாய்களை எஃகுக் கோளங்களால் தாக்கிச் செய்த சோதனைகளை 2009-இல் வெளியிட்டார்கள்; ஏஎல்இ, எஸ்பிஹெச் ஆகிய இரு முறைகளையும் அவற்றோடு ஒப்பிட்டும் காட்டினார்கள். மேலே நான் எடுத்துக்கொண்ட 12.5 மில்லிமீட்டர்க் குண்டும் 150 மில்லிமீட்டர் அகலமும் அந்தச் சோதனையின் அளவுகளே. புதிதாக இத்துறைக்கு வருபவர் தன் சொந்தத் தொட்டியை மாதிரியாக்குவதற்கு முன் இந்தக் குழாயை ஒரு முறை முழுமையாகச் செய்து முடிப்பது நல்லது. பகுதியாக நிரப்பிய குழாய்களில் சேதம் குறைவதை அந்தச் சோதனைகள் தெளிவாகக் காட்டுகின்றன. திரவத்துக்கு மேலே உள்ள காற்றிடம், தள்ளப்பட்ட திரவத்துக்குப் போக்கிடம் ஆகிவிடுகிறது. மாதிரியில் இந்தப் போக்கு வர வேண்டுமானால், காற்றையும் ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும். அதை வெற்றிடமாக விட்டால் கணக்கு எளிதாகும். ஆனால் குழிவு மூடும் நேரமும் மேற்பரப்பின் ஏற்றமும் சற்றே மாறும்.

சுவர் எங்கே, எப்படிக் கிழியும் என்ற கேள்வியில்தான் என் பாராட்டு தயங்குகிறது. ஒரே தகடால் ஆன அலுமினியச் சுவர் எவ்வளவு பிதுங்கும் என்பதை மென்பொருள் நன்றாகச் சொல்கிறது. துண்டின் பாதையில் விழும் துளையையும், வேகத்தையும் வெப்பத்தையும் கணக்கில் எடுக்கும் ஜான்சன்–குக் மாதிரியைக் கொண்டு திருப்தியாகப் பெறலாம். ஆனால் உண்மையான இறக்கைத் தொட்டி தகடு, குறுக்குச் சட்டமான விலா, நீளச் சட்டமான ஸ்பார், ரிவெட், ஒட்டுப் பசை ஆகியவற்றின் கூட்டு. அது உடைவது பெரும்பாலும் இணைப்புகளில். ஒவ்வொரு ரிவெட்டையும் நுண்ணிய வலையில் வரைந்தால் காலப் படி சுருங்கி ஓட்டம் முடிவின்றி நீளும். ஒரு புள்ளி இணைப்பாகச் சுருக்கினால் அது முறியும் விசையைத் தனிச் சோதனையில் அளந்து கொடுக்க வேண்டும், அதுவும் அதிவேக இழுவையில். அந்த எண் இல்லாமல் கிழிசலின் நீளத்தைக் கணித்ததாகச் சொல்லும் அறிக்கையை நம்பக் கூடாது. எவ்வளவு நீட்சியில் பொருள் உடையும் என்ற திரிபு வரம்பு வலைக் கட்டத்தின் அளவைப் பொறுத்து மாறும் என்ற பழைய சிக்கலும் இங்கே சேர்ந்துகொள்கிறது. சிறிய கட்டத்துக்குப் பொருத்திய வரம்பைப் பெரிய கட்டத்தில் பயன்படுத்தினால் சுவர் உண்மையைவிடத் தாமதமாகக் கிழியும்.

கார்பன் இழைச் சுவர்களில் இந்தத் தயக்கம் இன்னும் கூடுகிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற விமானங்களின் இறக்கைகள் இத்தகைய சுவர்களாலேயே ஆனவை. அவை அலுமினியம்போல் வளைந்து ஆற்றலை உறிஞ்சுவதில்லை. அடுக்குகள் பிரிந்து, இழைகள் முறிந்து திடீரென்று உடைகின்றன. தோலும் விலாவும் சேரும் மூலையில், திரவத்தின் தள்ளலால் அடுக்குகள் உரிந்து வருவதே முதல் சேதமாக இருக்கலாம். எல்எஸ்-டைனாவில் இத்தகைய பொருள்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. அவற்றில் சில, சோதனைச் சாலையில் நேரடியாக அளக்க முடியாத உள்ளீடுகளைக் கேட்கின்றன. அவற்றை வேறொரு சோதனையோடு பொருத்தித்தான் பெற வேண்டும். அப்படிப் பொருத்திய எண்கள் வேறொரு வேகத்திலும் வேறொரு தடிமனிலும் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கூட்டுப்பொருள் தொட்டியின் முழுப் பாதுகாப்பையும் கணிப்பின் மேல் மட்டும் கட்டுவது எந்த மென்பொருளிலும் சரியல்ல. தீப்பற்றுதல் என்பதும் இந்த மாதிரியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. பீறிடும் எரிபொருள் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதை ஓரளவு காட்டும். அது பற்றுமா என்பதைக் காட்டாது.

பயன்படுத்தும் அனுபவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உள்ளீட்டுக் கோப்பு, ஒரு வரியில் 80 இடங்கள் என்ற துளை அட்டைக் காலத்து ஒழுங்கை இன்னும் சுமந்து நிற்கிறது. மென்பொருளுக்கு அலகுகள் தெரியாது. நிறை, நீளம், நேரம் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருந்தும்படி கொடுப்பது பயனரின் பொறுப்பு. கிராம், மில்லிமீட்டர், மில்லிவிநாடி என்ற தொகுதியில் அழுத்தம் மெகாபாஸ்கலில் வருவதால் இந்த வேலைக்கு அது வசதியானது. கையேடுகள் பருமனானவை, ஆனால் நேர்மையானவை. ஒவ்வொரு தெரிவின் குறைகளையும் மறைக்காமல் சொல்கின்றன. வலை வரையவும் முடிவுகளைப் பார்க்கவும் எல்எஸ்-ப்ரீபோஸ்ட் என்ற துணை நிரல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் முகப்பு பழகக் கடினமானது என்றாலும், பழகிய பின் கைக்குத் தேவையான எல்லாமே அதில் உண்டு. பல செயலிகளில் வேலையைப் பகிர்ந்து ஓட்டும் வடிவம் முதிர்ச்சி பெற்றது. ஓட்டத்தை விரைவுபடுத்த நிறையைச் செயற்கையாக ஏற்றும் வசதியும் இருக்கிறது. வேறு வேலைகளில் உதவும் அந்த உத்தியை இங்கே தொடக் கூடாது. சுவரின் நிறையைக் கூட்டினால், திரவத்தின் தள்ளலுக்கு அது பதிலளிக்கும் வேகமே மாறிப்போகும்.

முழு உரிமம் கட்டணத்துக்கு உரியது. தனியாகக் கற்பவர்களுக்கு மாதிரியின் அளவுக்கு வரம்பிட்ட இலவச மாணவர் பதிப்பு இருக்கிறது. மேலே சொன்ன குழாயின் கால்பகுதியைச் சற்றுப் பெரிய வலைக் கட்டங்களோடு அதில் முயன்று பார்த்து, நிகழ்வின் நான்கு கட்டங்களையும் கண்ணால் காண்பது நல்ல தொடக்கமாக இருக்கும். மாற்றுகளை நாடுவோருக்கு, அதே ஆன்சிஸின் ஆட்டோடைன் அதிர்ச்சி அலைக் கட்டத்துக்குப் பொருத்தமானது. அபாகஸ் மென்பொருளிலும் திரவத்தையும் திண்மத்தையும் இணைக்கும் முறை உண்டு. 2022-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட ஓபன்ரேடியாஸ், எல்எஸ்-டைனா வடிவ உள்ளீட்டின் ஒரு பகுதியைப் படிக்கும் என்பதால், உரிமம் வாங்க இயலாத ஆய்வுக் குழுக்கள் அதைத் தீவிரமாகப் பரிசீலிக்கலாம்.

எனவே, இரண்டு வடிவமைப்புகளில் எது குறைவாகப் பிதுங்கும், உள்விரிப்பு ஒன்றைச் சேர்த்தால் மறுபக்கச் சுவரின் சுமை எவ்வளவு குறையும், காற்றிடத்தை எங்கே விட்டால் பயன் அதிகம் என்பன போன்ற ஒப்பீட்டுக் கேள்விகளுக்கு இந்த மென்பொருளை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். ரிவெட் வரிசை எத்தனை மில்லிமீட்டர் கிழியும், கார்பன் இழைத் தோல் எந்த வேகத்தில் உரியும் என்ற முற்றான கேள்விகளுக்கு, இணைப்பின் வலிமையைத் தனியே சோதித்து அளந்த எண்ணும், உண்மை அளவுப் பெட்டி ஒன்றின் மீதான மோதல் சோதனையும் கையில் வரும்வரை, அதன் விடையை வடிவமைப்பு வரைபடத்தில் ஏற்றக் கூடாது.